தலைக்குள் கிடக்கும் வேலைகளைப் பலகைக்குக் கொண்டு வருவோம்

எமது வியாபாரிகளில் யாரிடமாவது, “இந்த நிமிடம் உங்கள் கையில் முடிக்க வேண்டிய வேலை எத்தனை இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். “அது நிறைய இருக்கு” என்றுதான் பதில் வரும். எண்ணிக்கை வராது. களஞ்சியத்தில் சீமெந்து எத்தனை பை இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வங்கியில் எவ்வளவு, யார் யார் எவ்வளவு தரவேண்டும், அதுவும் ஓரளவுக்குச் சொல்வார். வேலை மாத்திரம் கணக்கில் அகப்படாது. சரக்குக்குக் கொப்பி இருக்கிறது, கடனுக்குக் கொப்பி இருக்கிறது, வேலைக்குக் கொப்பி கிடையாது. அது முழுவதும் முதலாளியின் தலைக்குள் கிடக்கிறது.

வேலைகளை அட்டை அட்டையாக எழுதி, கைத்தொலைபேசித் திரையில் வரிசைகளாக அடுக்கி, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்த்து நடத்துவதற்குப் பல செயலிகள் வந்திருக்கின்றன. அவற்றில் பெயர் பெற்றது ‘ட்ரெலோ’. இதைப்பற்றி நம்மவர்களிடம் பேசினால், “அது கொழும்பிலே கொம்பியூட்டர் கம்பனி நடத்துகிறவர்களுக்கு, சீனியும் பருப்பும் விற்கிற எங்களுக்கு எதற்கு?” என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த முறை கணினிக் கம்பனியில் பிறந்தது அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இது பிறந்தது வாகனத் தொழிற்சாலையில். அந்தத் தொழிற்சாலைக்காரர் இதைக் கற்றுக்கொண்டதோ பலசரக்குக் கடையில்!

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஜப்பான் நொடிந்து போயிருந்த காலம். டொயோட்டா கம்பனியில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியியலாளர் இருந்தார். (நமது வீதிகளில் ஓடுகின்ற ‘டொல்பின்’ வேன் அந்தக் கம்பனியின் பிள்ளைதான்.) அமெரிக்கக் கம்பனிகளைப் போல மலை மலையாக உதிரிப்பாகங்களைச் செய்து குவித்து வைக்க அவர்களிடம் பணமும் இல்லை, இடமும் இல்லை. அமெரிக்காவின் சுப்பர் மார்க்கெட்டுகள் எப்படி நடக்கின்றன என்பது ஓனோவின் கவனத்தை ஈர்த்தது. வாடிக்கையாளர் தனக்குத் தேவையானதைத் தட்டிலிருந்து எடுக்கிறார். எடுத்த இடம் வெறுமையாகிறது. கடைக்காரர் அந்த வெறுமையை மட்டும் நிரப்புகிறார். இதையே தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தால் என்ன என்று அவர் யோசித்தார். 1950களில் பாகங்கள் வைக்கும் பெட்டிகளோடு ஓர் அட்டையும் பயணம் செய்தது. அட்டை திரும்பி வந்தால்தான் அடுத்த பாகத்தைச் செய்யலாம். அட்டை வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இந்த அட்டைக்கு ஜப்பானிய மொழியில் பெயர் ‘கன்பான்’. கடை வாசலில் தொங்குகின்ற பெயர்ப்பலகைக்கும் அங்கே அதே சொல்தான். அவர்கள் உச்சரிக்கும்போது ஏறத்தாழ ‘கம்பன்’ என்றே காதில் விழும். இராமாயணம் பாடியவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!

அட்டை வராமல் வேலையைத் தொடங்காதே என்ற இந்தக் கட்டுப்பாடுதான் முழு முறைக்கும் உயிர். இதைப் பின்னால் விளக்குகிறேன்.

பின்னர் மென்பொருள் செய்கிறவர்கள் இந்த அட்டை முறையை எடுத்துக்கொண்டார்கள். 2011 இல் ஜிம் பென்சன், டோனியான் டிமாரியா பரி என்ற இருவர் தனிமனிதரும் இதைப் பாவிக்கலாம் என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர்கள் சொன்ன விதிகள் இரண்டே இரண்டு. வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி வை. ஒரே நேரத்தில் கையில் எடுக்கும் வேலைக்கு ஓர் எல்லை போடு. அதே 2011 செப்டெம்பரில்தான் ட்ரெலோவும் அமெரிக்காவில் அறிமுகமானது. செய்தவர்கள் ஜோயல் ஸ்பொல்ஸ்கி, மைக்கல் பிரையர் இருவரும் நடத்திய ‘ஃபொக் கிரீக்’ என்ற சிறிய கம்பனியினர். 2017 ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் ‘அட்லாசியன்’ நிறுவனம் அதை வாங்க உடன்பட்ட விலை 42 கோடி 50 இலட்சம் அமெரிக்க டொலர். அட்டையும் பலகையும் என்ற ஒரு யோசனைக்கு இவ்வளவு விலை!

வன்னியில் வியாபாரம் செய்கின்ற எங்களுக்கு இந்த யோசனை புதிது என்று சொல்ல முடியாது. 2012 ஒக்டோபரில் இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் வடக்கு, கிழக்கில் ஆரம்பமானதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு புதிய வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அதை மொத்தமாகக் கொடுக்கவில்லை. வேலை வளர வளரக் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. அந்தக் காலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் ஹாட்வெயார் சாமான் கடன் கொடுத்த எவருக்கும் ஒரு விடயம் தெரியும். கடன் கொப்பியில் பெயரும் தொகையும் மட்டும் இருந்து பயன் இல்லை. அந்த வீடு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். அத்திவாரத்தோடு நிற்கிறதா, சுவர் எழும்பிவிட்டதா, கூரைக்குப் போய்விட்டதா? அதைத் தெரிந்து வைத்திருந்தவருக்குத்தான் காசு எப்போது வரும், அடுத்ததாக மரமா தகடா வேண்டும் என்பது தெரிந்தது. கன்பான் பலகை செய்வதும் இதைத்தான்.

இனி எனது கடையில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். வவுனியா நகரில் ஒரு நடுத்தர ஹாட்வெயார் கடை. இரண்டு பொடியன்மார், ஒரு சாரதி, ஒரு சின்ன லொறி. இளைய மகன்தான் ட்ரெலோவைப் போனில் போட்டுத் தந்தான். அதில் ஒரு ‘பலகை’ திறக்கிறோம். பலகையில் நிரல்கள். நிரலுக்குள் அட்டைகள். ஓர் அட்டைக்கு ஒரு வேலை. விரலால் அழுத்திப் பிடித்து ஒரு நிரலிலிருந்து அடுத்த நிரலுக்கு அட்டையை இழுத்து விடலாம். தமிழில் எழுதலாம். ஓர் அட்டையைத் திறந்தால் உள்ளே திகதி போடலாம், பில்லைப் படம் எடுத்து ஒட்டலாம், சிறு சிறு வேலைகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சரி அடையாளம் இடலாம். திகதி நெருங்கும்போது போன் ஞாபகப்படுத்தும்.

வெளிநாட்டுக்காரர் போடுகின்ற பலகையில் வழக்கமாக மூன்று நிரல்தான்: செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை. மகன் அப்படித்தான் போட்டுத் தந்தான். நான் நாலாவது ஒன்றைப் போடச் சொன்னேன்: ‘பிறர் கையில்’. என்னைக் கேட்டால் எங்கள் பகுதி வியாபாரிக்கு மிக முக்கியமான நிரல் இதுதான். கொழும்பிலிருந்து லொறி வரவேண்டும். பிரதேச சபையிலிருந்து கடிதம் வரவேண்டும். வங்கியில் காசோலை மாறவேண்டும். கொந்தராத்துக்காரர் அளவு சொல்லவேண்டும். காலபோக நெல் வெட்டி விற்றால்தான் விவசாயி பணம் தருவார். இவை எல்லாம் எங்கள் வேலைகள்தான், ஆனால் எங்கள் கையில் இல்லை. தலைக்குள் இருக்கும்போது இரண்டும் ஒன்றாகக் கலந்து, “ஐயோ எவ்வளவு வேலை” என்ற பாரமாக மட்டும் தெரிகிறது. முதல் வாரம் நான் எழுதிய அட்டைகள் 31. அவற்றில் 14 பிறர் கையில் இருந்தவை! கிட்டத்தட்டப் பாதி. அந்தப் பாதிக்கு நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: யாருக்கு எப்போது போன் எடுத்துக் கேட்பது என்று அட்டையில் ஒரு திகதி போடுவது. போட்டுவிட்டால் அதுவரை அதை யோசிக்கத் தேவையில்லை.

நிறங்களையும் சொல்ல வேண்டும். அட்டைகளுக்கு வர்ணப் பட்டி ஒட்டலாம். காசோலைக்குச் சிவப்பு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாமானுக்குப் பச்சை, கொள்வனவுக்கு மஞ்சள், வீட்டு வேலைக்கு நீலம் என்று வைத்திருக்கிறேன். காலையில் திரையைத் திறந்தால் எழுத்தை வாசிக்கு முன்னரே சிவப்பு கண்ணில் குத்துகிறது. வாசிக்கக் கஷ்டப்படுகிற வேலையாளுக்கும் நிறம் விளங்கும். மும்பாயில் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகின்ற டப்பாவாலாக்கள் நிறத்தையும் சில எழுத்துக்களையும் இலக்கங்களையும் பெட்டி மூடியில் எழுதித்தான் நூறு வருடத்துக்கு மேலாக அந்தத் தொழிலை நடத்தி வந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் அதிகம் படித்தவர்கள் இல்லை.

பச்சை அட்டைகள் எனக்கு நேரடியாகக் காசு மிச்சம் பிடித்துத் தந்தன. முன்னர் ஒட்டுசுட்டானுக்கு ஓர் ஓடர் வந்தால் லொறி போகும். இரண்டு நாள் கழித்து முல்லைத்தீவுக்கு ஒன்று என்றால் மறுபடியும் போகும். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு மட்டும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஒட்டுசுட்டான் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அட்டையின் தலைப்பிலேயே ஊர்ப் பெயரை முதலில் எழுதத் தொடங்கிய பிறகு, “முதலாளி, முல்லைத்தீவுப் பக்கம் மூன்று பச்சை நிற்குது, நாளைக்கு ஒன்றாகப் போடுவமா?” என்று சாரதியே கேட்கிறார். புளியங்குளத்தால் திரும்பி நெடுங்கேணி வழியாகப் போவதா, மாங்குளத்தால் போவதா என்றும் அவரே பார்த்துக்கொள்கிறார். 2022 இல் டீசலுக்காக வரிசையில் நாள்கணக்கில் கிடந்தவர்களுக்கு ஒரு பயணம் மிச்சமாவதன் பெறுமதியை நான் எழுதிக்காட்டத் தேவையில்லை.

“இதற்கெல்லாம் வட்ஸ்அப் போதாதா?” என்று ஒரு சகோதரர் கேட்டார். வட்ஸ்அப்பில் ஓடர் வருவது நல்ல வசதிதான். ஆனால் அங்கே செய்தி நேரத்தின்படி வரிசையாகிறது, வேலையின் நிலைமைப்படி அல்ல. காலை எட்டு மணிக்கு வந்த பெரிய ஓடருக்கு மேலே பத்து மணிக்குள் நாற்பது ‘காலை வணக்கம்’ ஏறி உட்கார்ந்துவிடும். பார்த்துவிட்டோம் என்பதற்கு நீல அடையாளம் விழுகிறது. வாடிக்கையாளர் அதைப் பார்த்து வேலை நடக்கிறது என்று நம்புகிறார். இங்கே ஒன்றும் நடப்பதில்லை. ஆகவே வட்ஸ்அப்பில் வந்ததை உடனே அட்டையாக்குவது பொடியன்மாரில் ஒருவருடைய பொறுப்பு என்று வைத்திருக்கிறேன்.

இனி முன்னர் சொன்ன எல்லைக்கு வருவோம். செயலியைப் போட்டவர்கள் பெரும்பாலும் கைவிடுவது இந்த இடத்தில்தான். வேலைகளை எல்லாம் அழகாக எழுதுகிறார்கள், நிறம் தீட்டுகிறார்கள். பிறகு ‘செய்துகொண்டிருப்பவை’ நிரலுக்குள் இருபது அட்டையை இழுத்து விடுகிறார்கள். அப்போது பலகையும் தலையைப் போலவே ஆகிவிடுகிறது. ஒரு மாதத்தில் செயலியை அழித்துவிட்டு, “இது சரிவராது” என்கிறார்கள்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் லிட்டில் 1961 இல் இதை நிரூபித்தார். வரிசை நிற்கும் எந்த இடத்துக்கும் பொருந்தும் கணக்கு. கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை ஒரு நாளில் முடிகின்ற வேலைகளின் எண்ணிக்கையால் பிரித்தால், ஒரு வேலை முடிவதற்குச் சராசரியாக எத்தனை நாள் என்பது வரும். எனது கடையில் ஒரு நாளைக்கு ஐந்து வேலை முடிகிறது என்று வைப்போம். கையில் முப்பது எடுத்திருந்தால் ஒன்று முடிய ஆறு நாள். கையில் பத்து மட்டும் என்றால் இரண்டு நாள். வேலையாள் கூடவில்லை, லொறி கூடவில்லை, யாரும் வேகமாக ஓடவும் இல்லை. கையில் எடுத்ததைக் குறைத்ததால் மட்டும் ஒவ்வொருவருடைய வேலையும் விரைவாக முடிகிறது. எடுக்காத மற்ற வேலை காத்திருக்கத்தானே செய்யும் என்று கேட்பீர்கள். ஆம், காத்திருக்கும். ஆனால் அது எப்போது தொடங்கும் என்று இப்போது வாடிக்கையாளருக்குச் சரியாகச் சொல்ல முடியும். முன்னர் அதைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் “நாளைக்கு” என்று சொல்லி வந்தோம்.

இந்த “நாளைக்கு” என்ற சொல்லைப்பற்றி எமது சமூகம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். வாங்குகிறவர் அதை நம்பி மேசனையும் தச்சரையும் கூலிக்குப் பிடித்து வைக்கிறார். தகடு போகவில்லை என்றால் இரண்டு பேருடைய நாட்சம்பளம் அவருடைய தலையில் விழுகிறது. அல்லது கூலிக்காரன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறான். எங்கள் கொப்பியில் இந்த நட்டம் எங்கும் பதிவதில்லை. அடுத்த முறை அவர் வேறு கடைக்குப் போகும்போதுதான் அதன் விலை எங்களுக்கு வந்து சேர்கிறது.

எனது பலகையில் ‘செய்துகொண்டிருப்பவை’ நிரலில் ஒருவருக்கு மூன்று அட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. ஒன்றை முடித்தால்தான் மற்றொன்று. கடந்த மாசியில் நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒரு விவசாயி கூரைத் தகடு வேண்டும், இன்றே அளவுக்கு வெட்டி ஏற்ற வேண்டும் என்று வந்தார். நான் போனைத் திருப்பி அவருக்கே காட்டினேன். “அண்ணை, இன்றைக்கு ஏலாது. இங்கே பாருங்கோ, மூன்று பேர் உங்களுக்கு முன்னால நிற்கினம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கட வாசலில் இறக்கித் தருவன்” என்றேன். கோபிப்பார் என்று பொடியன்மார் பயந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டு, “அப்ப நான் தச்சரை வியாழன் மத்தியானத்துக்கு வரச் சொல்லுறன், நானா” என்று சொல்லிவிட்டு முற்பணமும் தந்துவிட்டுப் போனார். திகதி உறுதியாக இருந்தால் மனிதர்கள் காத்திருப்பார்கள்.

எல்லோரும் இப்படி இருப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்றே வேண்டும் என்று வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. மூன்று என்ற எல்லை எல்லாக் கடைக்கும் பொருந்தாது. சில்லறைக் கடைக்காரருக்குக் கவுண்டரில் வந்து போகிற விற்பனையை அட்டையாக்குவது பைத்தியக்காரத்தனம். ஒரு நாளுக்கு மேல் நீடிக்கின்ற வேலை, இன்னொருவரிடம் கைமாறுகின்ற வேலை, திகதி உள்ள வேலை, இவற்றுக்குத்தான் பலகை.

பெரிய காரணம் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. 2021 இல் எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரிக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. நாற்பது வருட வியாபாரி. பிள்ளைகளிடம் கடன் கொப்பி இருந்தது. ஆனால் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தார், எந்தச் சரக்குக்கு முற்பணம் வாங்கியிருந்தார், எந்தக் காசோலையை எந்தத் திகதி வரை வைத்திருக்கச் சொல்லியிருந்தார், இவை எதுவும் எங்கும் இல்லை. வாப்பாவின் கட்டிலருகே இருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி, அவர் கண்ணசைப்பதைப் பார்த்து எழுதினார்கள். வைத்திருக்கச் சொன்ன ஒரு காசோலை அந்த இடைவெளியில் வங்கிக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டது. கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தில் விரிவாகச் சொல்லப்பட்டிருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். கடனை எழுதுகிறோம். கொடுத்த வாக்கை எழுதுகிறோமா?

எழுதிய கொப்பியும் எங்கே இருக்கிறது என்ற கேள்வி வேறு இருக்கிறது. வன்னியில் பிறந்தவர்களுக்கு இது கதை அல்ல. எனது வாப்பாவுக்கு முல்லைத்தீவில் கடை இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடன் கொப்பி இராக்கையிலேயே கிடந்தது. கடற்றொழிலாளர், விவசாயிகள் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு வாப்பா அந்தப் பெயர்களையும் தொகைகளையும் மனப்பாடமாகச் சொல்வார். ஒவ்வொரு முறையும் தொகை மாறும். கடைசி வருடங்களில் பெயர்களும் மாறின. எமது தமிழ்ச் சகோதரர்களும் 2008, 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனபோது எத்தனை கடைக் கொப்பிகள் பதுங்குகுழிக்குள்ளும் வீதியோரத்திலும் கிடந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. ஒரே இடத்தில் இருக்கும் எதுவும் பாதுகாப்பானது அல்ல. இந்தச் செயலிகளில் எழுதுவது போனுக்குள் மட்டும் இருப்பதில்லை; கம்பனியின் கணினிகளிலும் இருக்கிறது. போன் உடைந்தாலும் வேறு போனில் அதே கணக்கைத் திறந்தால் பலகை அப்படியே வரும்.

ஆனால் கணக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். எமது ஊர்களில் போன் வாங்கும்போது கடைத் தம்பியே ஒரு மின்னஞ்சல் முகவரியைத் திறந்து, தனக்குத் தெரிந்த கடவுச்சொல்லைப் போட்டுத் தருகிறார். முதலாளிக்கு அந்த முகவரி எதுவென்றே தெரியாது. அப்படிப்பட்ட கணக்கில் வியாபாரத்தை எழுதுவது சாவியைத் தெருவில் வைப்பதற்குச் சமம். முதலில் உங்கள் பெயரில், உங்களுக்குத் தெரிந்த கடவுச்சொல்லோடு முகவரியைத் திறந்துகொள்ளுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தைப் பலகையில் எழுதவே வேண்டாம்.

மற்றது, யார் எதைப் பார்க்கலாம் என்பது. பொடியன்மாருக்கும் சாரதிக்கும் பலகையைத் திறந்துவிட்டால் அதில் இருப்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். சாமான் போகும் வேலை தெரியட்டும். யார் எவ்வளவு கடன், யார் தவணை கேட்டார் என்பது அவர்களுக்கு எதற்கு? கடன்பட்டவரின் மானம் எங்களிடம் அமானிதம். ஆகவே காசோலைகளுக்கும் கடன்களுக்கும் எனக்கும் மகனுக்கும் மட்டும் தெரிகின்ற வேறொரு பலகை இருக்கிறது. பலகையைத் தனிப்பட்டதாக வைப்பதற்கு ட்ரெலோவில் வசதி உண்டு.

இலவசக் கணக்கில் பலகைகளின் எண்ணிக்கைக்கும் சேர்க்கக்கூடிய ஆட்களுக்கும் வரம்பு இருக்கிறது. நாலைந்து பேர் வேலை செய்கின்ற கடைக்கு அது தாராளம். காசு கட்டி மேலதிக வசதிகள் வாங்க வேண்டிய தேவை எனக்கு இதுவரை வரவில்லை. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் ‘பிளானர்’ போன்ற வேறு செயலிகளும் இருக்கின்றன. எதைப் பாவித்தாலும் அட்டையும் நிரலும்தான். நெடுங்கேணி வீதியில் சிக்னல் இல்லாத இடங்களில் சாரதி அட்டையை நகர்த்தினால் போன் அதை வைத்திருந்து, சிக்னல் வந்ததும் எங்களுக்குக் காட்டுகிறது.

இன்னொன்று. நேரடியாகச் செயலியில் இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு கரும்பலகையை வாங்கி, கடையின் பின்சுவரில் மாட்டி, நாலு கோடு கீறி, சின்னச் சின்னத் துண்டுக் காகிதங்களை ஒட்டி ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். வயதான முதலாளிமாருக்கு நான் அதைத்தான் சொல்வேன். கடையும் களஞ்சியமும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அதுவே போதும். முதலாளி கொழும்புக்குப் போனாலும் கடை நடக்க வேண்டும், களஞ்சியம் வேறு வீதியில் இருக்கிறது, லொறி கிளிநொச்சியில் நிற்கிறது என்றால்தான் போனுக்குப் போக வேண்டிய காரணம் வருகிறது. 2022 மின்வெட்டுக் காலத்தை நினைத்து, எங்கள் கடையில் இப்போதும் பின்சுவரில் ஒரு பலகை இருக்கிறது. அன்றன்று காலையில் அந்தப் பன்னிரண்டு அட்டைத் தலைப்புகளை வெண்கட்டியால் எழுதுவது இளைய பொடியனின் வேலை. எழுத்துப்பிழை விடுவான். பரவாயில்லை.

வாரத்தில் ஒரு முறை முழுப் பலகையையும் பார்க்க வேண்டும். எங்களுக்கு வெள்ளிக்கிழமை வசதி. ஜும்ஆவுக்குக் கடை எப்படியும் பூட்டுகிறோம். தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு, திறப்பதற்கு முன் இருபது நிமிடம் நானும் மகனும் உட்காருகிறோம். முடிந்த அட்டைகளை எடுத்து வைக்கிறோம். அவை அழிவதில்லை, தேவைப்பட்டால் தேடி எடுக்கலாம். ‘பிறர் கையில்’ நிரலில் யாருக்குப் போன் எடுப்பது என்று பிரித்துக்கொள்கிறோம். இரண்டு மாதமாக அசையாமல் கிடக்கின்ற அட்டையைப் பார்த்து, இது நடக்குமா நடக்காதா என்று முடிவெடுக்கிறோம். நடக்காது என்றால் வாங்கிய முற்பணத்தை அந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

சென்ற வெள்ளிக்கிழமை ‘பிறர் கையில்’ நிரலில் ஒன்பது அட்டைகள் இருந்தன. ஐந்து, காலபோக அறுவடைக்குப் பிறகு பணம் தருவதாகச் சொன்னவர்கள். நெல் இன்னும் விலைப்படவில்லை என்று நாலு பேர் சொன்னார்கள். நால்வருக்கும் புதிய திகதி போட்டோம். ஐந்தாமவர் போனை எடுக்கவில்லை. அந்த அட்டையில் திங்கட்கிழமை என்று போட்டிருக்கிறேன்.